கைப்பிடி அறுத்த பைகள்

மகனுக்கு,

அன்புள்ள என்று போட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். போட வந்தேன், கை ஓடவில்லை. உன்னை நினைத்தால் இப்போது எனக்கு முதலில் வருவது அருவருப்புதான். பெற்ற தாய் எழுதுகிற வார்த்தையா இது என்று கேட்பாய். நானும் என்னையே கேட்டுப் பார்த்தேன். கோபம் என்று மாற்றி எழுதலாமா, வருத்தம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். இரண்டும் பொருந்தவில்லை. சாக்கடைக்குள் கையை விட்டுவிட்டு எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் விரலை முகர்ந்து பார்க்கத் தோன்றுமே, அப்படி இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. பத்திரிகை மட்டும் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாம் அந்த நூல் பெட்டியில்தான் ஆரம்பித்தது. கழுத்து வலி தாங்காமல் ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்த புதிதில், பெங்களூரிலிருந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டி அனுப்பினாய். பிரித்தால் பஞ்சுமிட்டாய் நிறத்திலும் கிளிப்பச்சையிலும் உருண்டை உருண்டையாக உல்லன் நூல். கூடவே நுனி வளைந்த ஊசிகள். போனில் சொன்னாய்: "ம்மா, இத்தன வருஷம் ஷூவுக்கு மேல்தோல் தைச்ச கை. இதெல்லாம் உனக்கு ஜுஜுபி. சும்மா ட்ரை பண்ணு, டைம் பாஸ் ஆவும்." தோலைத் தைத்த கைக்கு நூல் சுளுவாக வரும் என்று உனக்கு யார் சொன்னது? தோல் ஊசிக்கு எதிர்த்து நிற்கும், நாம் அழுத்தினால்தான் வழிவிடும். இந்த நூல் எதற்குமே நிற்கவில்லை. அழுத்தினால் சுருண்டுகொண்டது, விட்டால் அவிழ்ந்துகொண்டது, வியர்த்த விரலில் ஒட்டிக்கொண்டு கிறீச் கிறீச்சென்று பல் கூசும்படி சத்தம் போட்டது.

சித்திரை வெயிலில் ஆம்பூரில் உல்லனைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாயா? மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் நூலின் பிசிறு பறந்து மூக்கில் ஏறும். விசிறியை நிறுத்தினால் உள்ளங்கையில் வேர்க்குரு வரும். செல்போனில் ஒரு பெண் வந்து "ஹாய் பிரெண்ட்ஸ்" என்று சிரித்துக்கொண்டே ஏதோ செய்வாள். நானும் அப்படியே செய்வேன். அவள் கையில் தொப்பி வரும், என் கையில் தோசைக்கல் துடைக்கிற துணி வரும். இருந்தாலும் விடவில்லை. ஒரு மப்ளர் பின்னினேன். நம் ஊர்ப் பக்கம் மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு யார் நடப்பார்கள்? உன் அப்பா எனக்காகச் சுற்றிக்கொண்டு டீக்கடை வரைக்கும் போய்விட்டு வந்தார். திரும்பி வந்தபோது கழுத்து பூராவும் சிவந்து தடித்திருந்தது. உச்சியில் குஞ்சம் வைத்த தொப்பி ஒன்று, காதில் தொங்கும் நூல் தோடு ஒன்று, தலைக்குப் பட்டை, விரலுக்கு மோதிரம், தண்ணீர் பாட்டிலுக்குச் சட்டை, சாவிக்குச் சிரிக்கிற ஸ்ட்ராபெரி, எல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. நூல் மோதிரத்தோடு பாத்திரம் துலக்கினேன். அது புளித்த வாடை அடித்து, நுரை கக்கி, பெருத்துப்போய் விரலை விட்டுக் கழற்ற முடியாமல் கத்தரி வைக்க வேண்டியதாயிற்று. தோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். காதில் கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி இருந்தது, கழற்றி எறிந்தேன்.

பக்கத்து வீட்டு ஷகிலா அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். அவளை உனக்குத் தெரியும், உனக்குப் பரீட்சை நேரத்தில் எல்லாம் சேமியா கொடுத்து அனுப்புவாள். அவள் வீட்டுக்காரர் தொழுகைக்குப் போடுகிற வெள்ளைத் தொப்பியை அவளே கொக்கி ஊசியில் பின்னுவாள். அது என் கண்ணில் அதுவரை பட்டதே இல்லை. தோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னாக்கா இது, பூனை வாந்தி எடுத்தா மாரி கீது?" என்றாள்.

"எம் பையன் அனுப்பினது," என்றேன்.

"பையன் அனுப்பினா வாந்தி பிரியாணி ஆய்டுமா? இந்தப் பிளாஸ்டிக் நூலத் தூக்கிக் கடாசு. காட்டன் நூல் வாங்கு. ஊருக்கு ஏத்தது எதுவோ அத்தப் பண்ணு, பேஜார் இல்லாம."

பருத்தி நூலுக்கு மாறிய பிறகுதான் என் கை ஒழுங்காக ஓடியது. பை பின்ன ஆரம்பித்தேன். ஒன்று கோணலாக வந்தது, இன்னொன்று வயிறு பெருத்து வந்தது, அதன் பிறகு வந்ததெல்லாம் பையாகவே வந்தது. நீ ஊருக்கு வந்தபோது அதைப் போட்டோ பிடித்து, நீ கட்டிக்கொள்ளப்போகிற மேகலாவுக்குக் காட்டியிருக்கிறாய். உடனே அவளே எனக்குப் போன் செய்தாள். "ஆன்ட்டி, கல்யாணத்துல நெருங்கின சொந்தக்காரங்களுக்கு மட்டும் தாம்பூலப் பை இதுலயே குடுக்கலாமா? எங்கம்மா கேட்டதுல இருந்து ஒரே குஷியா இருக்காங்க." எனக்குத் தலைகால் புரியவில்லை. சம்பந்தி வீட்டு மனிதர்கள் தேங்காயும் வெற்றிலையும் என் கைப் பையில் எடுத்துக்கொண்டு போவார்கள் என்றால் சும்மாவா? ஷகிலாவையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். புது நூல் முரடாக இருக்கிறது என்று தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் கொடி கட்டிக் காயப்போட்டு, உருட்டி வைத்துக்கொண்டு பின்னினோம். மாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். தோல் பதனிடுகிற டேனரியின் பின்சுவர், அதையொட்டி ஓடுகிற கழிவுநீர் வாய்க்கால். அது அங்கே இருக்கிறது என்பதே எங்கள் இருவருக்கும் நினைவில் இல்லை. வாய்க்கால் பக்கமிருந்து நல்ல காற்று வந்தது, நூல் சீக்கிரம் காய்ந்தது என்று சந்தோஷப்பட்டோம்.

கைப்பிடி அப்பாவின் யோசனை. நூல் கைப்பிடி தேங்காய் கனத்துக்கு இழுபடும் என்று எனக்குக் கவலையாக இருந்தது. "நான் எதுக்கு இருக்கேன்?" என்றார். அன்றிலிருந்து வேலை முடிந்து வரும்போது கடைகளில் கழித்துப் போட்ட நல்ல தோல் துண்டுகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வந்தார். பழுப்பு நிறம், வழவழப்பு, ஒரு கீறல் இருக்காது. கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பட்டை பட்டையாக வெட்டுவார், ஓரத்தைத் தேய்ப்பார், துளை போடுவார். நான் அதைப் பையில் வைத்துத் தைப்பேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பொருளைச் செய்தது அதுதான் முதல் தடவை. அவர் டேனரியில் தோலை ஊறவைத்துப் பதப்படுத்துகிறவர், நான் ஷூ கம்பெனியில் அதைத் தைத்தவள். அவர் கை பட்ட தோல் எப்போதாவது என் கைக்கு வந்திருக்குமா என்றுகூட நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பைகளைப் பெட்டியில் அடுக்கி உனக்கு அனுப்பினபோது அவர் ஒவ்வொரு கைப்பிடியையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். "சூப்பர்ம்மா, செமயா இருக்கு, மேகலா வீட்ல அசந்துட்டாங்க," என்று நீ போனில் சொன்னாய். அதை அவரிடம் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டார்.

முகூர்த்தப் புடவை எடுக்க நான் மட்டும் பெங்களூர் வந்தேனே, அந்தத் தடவை நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன், என் பக்கத்திலிருந்து நீ பார்க்கவில்லை. நீ ஆபீசுக்குப் போய்விட்டாய். வீட்டைப் பெருக்கலாம் என்று துடைப்பத்தைத் தேடிப் பின்பக்கத்து பால்கனிக்குப் போனேன். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குப்பை போடுகிற கறுப்புக் கவர் ஒன்று, வாய் இறுகக் கட்டி, அதன்மேல் இன்னொரு கவர் மாட்டி வைத்திருந்தது. குப்பையை இப்படியா சேர்த்து வைப்பான் என்று திட்டிக்கொண்டே கட்டை அவிழ்த்தேன். உள்ளே என் பைகள். கசங்கி, ஒன்றுமேல் ஒன்றாகத் திணித்து, நடுநடுவே பாச்சை உருண்டை போட்டு. எடுத்துப் பார்த்தேன். கைப்பிடி இல்லை. அடுத்ததை எடுத்தேன், அதிலும் இல்லை. எல்லாவற்றிலும் தோல் கைப்பிடியைக் கத்தரியால் வெட்டியிருந்தாய். வெட்டின துண்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டாகக் கட்டி அடியில் போட்டிருந்தாய். எல்லாவற்றையும் திரும்பத் திணித்து, நீ கட்டியிருந்த மாதிரியே வாயைக் கட்டிவைத்தேன்.

சாயங்காலம் நீ வந்ததும், ஒன்றும் தெரியாத மாதிரி, "பை எல்லாம் எங்கடா?" என்று கேட்டேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை நீ. "ஆபீஸ் லாக்கர்ல பத்திரமா கீதும்மா" என்றாய். அந்தக் கவரை இழுத்து வந்து உன் முன்னால் போட்டேன். அப்புறம்தான் உனக்குப் பேச்சு வந்தது.

"நாத்தம் அடிக்குதும்மா. பெட்டியப் பிரிச்ச உடனே ரூம் பூரா டேனரி நாத்தம். துவைச்சேன், வெயில்ல போட்டேன், சென்ட் அடிச்சேன், போவல. கைப்பிடிதான் காரணமோன்னு அத்த வெட்டிப் பாத்தேன். அப்பவும் போவல."

ஒரு பையை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தேன். எனக்கு நூல் வாசனையும் பாச்சை உருண்டையும்தான் தெரிந்தது. நீ பொய் சொல்கிறாய் என்று அன்றைக்கு நினைத்தேன். அது மட்டும் பொய்யில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் கைப்பிடியைப் போய் வெட்டினாயே! பதப்படுத்தி முடித்த தோலில் அந்த நாற்றம் இருக்காது, அதன் வாசனைக்கென்றே பணக்காரர்கள் காரில் தோல் சீட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். டேனரிக்காரன் பிள்ளை, உனக்கு இதுகூடத் தெரியவில்லை. சரி, தெரியாமல் வெட்டினாய் என்றே வைத்துக்கொள்வோம். "நாத்தம் அடிக்குதுன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா வேற ஊர்ல வச்சிப் பின்னியிருப்பேனே," என்றேன். அதற்கு நீ சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "தோல் கைப்பிடியப் பாத்தா ஏதுன்னு கேப்பாங்கம்மா. அப்பா எக்ஸ்போர்ட்ல இருக்கார்னு சொல்லியிருக்கேன்."

நிச்சயதார்த்தம் என் கண்முன்னால் திரும்பி வந்தது. "நம்ம தெருவுல வண்டி நிறுத்த இடமில்ல, வெயில் வேற ஜாஸ்தி" என்று சொல்லி வேலூரில் ஏசி ஹால் பிடித்தாயே, எனக்கு அப்போது அது பெருமையாக இருந்தது. மேகலாவின் அப்பா, பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எந்தெந்த நாட்டுக்கு அனுப்பறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். உன் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "ஜெர்மனிக்குப் போவுது சார், இத்தாலிக்குப் போவுது. போன மாசம் கூட ஒரு லோடு ஏத்தினோம்," என்றார். ஏத்தினோம் என்றால் முதுகில் தூக்கி லாரியில் ஏற்றினார் என்று அர்த்தம். அவர் தன் வேலையைப் பற்றித்தான் நிஜத்தைச் சொன்னார். நீ அவர் பின்னால் நின்று, அந்த நிஜம் உன் பொய்க்குள் கச்சிதமாகப் போய் உட்காருவதைப் பார்த்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் கூச்சம் என்று நினைத்தேன். அது எனக்கு இப்போது நினைவுக்கு வரும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

உனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. டேனரியில் என்ன வேலை என்று கேட்பார்கள், அதற்குப் பிறகு எந்தத் தெரு என்று கேட்பார்கள், அதற்குப் பிறகு கேட்காமலேயே ஒன்றைத் தெரிந்துகொள்வார்கள். அந்தப் பயத்தோடுதான் நாங்களும் வாழ்ந்தோம். பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனான் என்று நீ அழுதுகொண்டு வந்த அன்றிலிருந்து உன் சட்டைக்குப் பவுடர் கொட்டித்தான் அனுப்பினேன். அங்கேதான் ஆரம்பித்தது, என் தப்புதான் என்று எழுதிவிட்டால் உனக்கு நிம்மதியாக இருக்கும். எழுதமாட்டேன். பையன் அழாமல் இருக்கட்டும் என்று பவுடர் போட்டேன். அப்பா இருக்கிற இடத்தில் வேறு ஒரு அப்பாவை வைத்துக்கொள் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை நீயே கற்றுக்கொண்டாய்.

கறுப்புக் கவரைத் தூக்கிக்கொண்டு மறுநாளே ரயில் ஏறிவிட்டேன். "எத்துக்கினு போய் இன்னா பண்ணப்போற? இங்கியே இருக்கட்டும்" என்றாய். குப்பைக்காரரிடம் போட உனக்கு அதுவரை நேரம் கிடைக்கவில்லை போல. ரயில் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டதை அப்போதுதான் கவனித்தேன். ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஷகிலா வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். உன் அப்பா பை எங்கே என்று கேட்டதற்கு, உள்துணி வைத்துத் தைக்கப் பெங்களூரில் டெய்லரிடம் கொடுத்திருக்கிறான் என்றேன். "அதுவும் நல்லதுதான், ஒசத்தியா இருக்கும்," என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைத் துடைத்தேன்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. போன ஞாயிற்றுக்கிழமை மேகலா நம் வீட்டுக்கு வந்தாள். தனியாக, ரயிலில், யாரிடமும் சொல்லாமல். பத்திரிகைக்கு நீ எழுதிக் கொடுத்த விலாசத்தை வைத்துக்கொண்டு ஆட்டோக்காரரிடம் விசாரித்து வந்திருக்கிறாள். கதவைத் திறந்தால் துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் சேர்த்து அழுத்திக்கொண்டு நிற்கிறாள். "ஆன்ட்டி, பாத்ரூம்..." என்றாள். பின்கட்டுக்கு ஓடினாள். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். முதுகைத் தடவிக் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்தேன். கண்ணெல்லாம் சிவந்து நீர் வழிய என்னைப் பார்த்து, "சாரி ஆன்ட்டி. நாத்தம் சத்தியமா தாங்கல. நீங்கல்லாம் எப்படி இருக்கீங்க?" என்றாள். சொன்னால் நம்பமாட்டாய், எனக்குச் சிரிப்பு வந்தது. பெங்களூரிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். அவளும் அழுகையோடு சிரித்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

எதற்கு வந்தாள் தெரியுமா? கையில் தைலமும் கைக்குச் சுற்றுகிற பட்டையும் கொண்டுவந்திருந்தாள். "உங்களுக்குக் கை வலி தாங்கல, பை பின்றத விட்டுட்டாங்கன்னு அவன் சொன்னான். நான்தான் ஆசப்பட்டுக் கேட்டேன். என்னாலதான் வலி வந்துச்சோன்னு ஒரே கஷ்டமா போச்சு. அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." என் கையைப் பிடித்து எந்த விரல் என்று கேட்டாள். எனக்கு எந்த விரலையும் காட்டத் தெரியவில்லை. ஷகிலா வீட்டுப் பரணிலிருந்து கவரை இறக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் கொட்டினேன். அவள் ஒரு பையை எடுத்தாள், வெட்டுப்பட்ட இடத்தை விரலால் தடவினாள், வெட்டின கைப்பிடிக் கட்டை எடுத்துப் பார்த்தாள். முகர்ந்தாள், முகம் கோணினாள், பையைத் தள்ளி வைத்தாள். கைப்பிடியை மட்டும் மறுபடியும் முகர்ந்தாள். "இது நல்லா இருக்கே ஆன்ட்டி. இது ஏன் வெட்டினான்?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் வாசலில் உன் அப்பாவின் சைக்கிள் சத்தம் கேட்டது. வேகமாக எல்லாவற்றையும் கவருக்குள் திணித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அவள் ஏன் என்று கேட்காமல் எனக்கு உதவி செய்தாள்.

லோடு அவசரம் என்று ஞாயிறும் வேலைக்குப் போயிருந்தார். ரப்பர் பூட்ஸோடு, முழங்கால் வரை சுண்ணாம்பும் மயிரும் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தவர் மேகலாவைப் பார்த்ததும் அப்படியே பின்னால் போய்விட்டார். குளித்து முடித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, பவுடர் வைத்துக்கொண்டுதான் வந்தார். வந்து, கூடத்துக்கு வராமல் சமையல்கட்டு நிலைப்படியிலேயே நின்றார். "வாம்மா, சாப்ட்டியா?" என்றார். அவள் எழுந்து நின்று, "அங்கிள், நீங்க எங்க வேலை செய்றீங்க?" என்று கேட்டாள். அவருக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? "இதோ பின்னாடி சுவருதாம்மா. டிரம்முல. தோலு ஊறும், சுத்தும், நாங்க இறக்கி ஏத்துவோம். வாசனை கொஞ்சம் ஜாஸ்தி, உனக்குப் பழக்கம் இருக்காது. ஊதுவத்தி கொளுத்தட்டுமா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அதற்குமேல் அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊதுவத்தி வேண்டாம் என்றாள். மூக்கிலிருந்த துப்பட்டாவை எடுத்துவிட்டு உட்கார்ந்து, அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, இரண்டு வாய் சோறு சாப்பிட்டாள். அதற்குமேல் இறங்கவில்லை, தட்டை மூடி வைத்தாள். சாப்பிட முடியவில்லை என்பதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள்.

புறப்படும்போது ஒரு பை வேண்டும் என்றாள். சாப்பிட்டுவிட்டு அப்பா சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில், ஒன்றுக்கு மட்டும் வெட்டின கைப்பிடியைத் திரும்ப வைத்துத் தைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் நீளம் குறைந்துவிட்டது. "ரெண்டு கவர் போட்டுக் கட்டிக் குடுங்க ஆன்ட்டி, ரயில்ல சண்டைக்கு வந்துடுவாங்க," என்றாள். ஸ்டேஷன் வரைக்கும் போனேன். வண்டி வருகிற நேரத்தில்தான் சொன்னாள். "நான் வந்துட்டுப் போனத அவன்கிட்ட சொல்லாதீங்க. எனக்கு இந்த நாத்தம் ஒத்துக்கல, அது வேற. எங்கப்பா என்ன சொல்வாருன்னு தெரியல, அதையும் நான் பாத்துக்கறேன். ஆனா இவன் அவனா வந்து எங்கிட்ட சொல்லணும். பத்திரிகை அடிக்கற வரைக்கும் பாக்கறேன். சொல்லலன்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். பெத்த அப்பாவயே மறைக்கறவன், நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா என்னை எங்க மறைப்பான்?" உனக்காக ஒரு வார்த்தையாவது பேசியிருக்க வேண்டும். பேசவில்லை, அவளை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

அன்றிலிருந்து போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உன்னைக் கூப்பிட்டு, சொல்லிவிடுடா, அவளுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் நடந்துவிடும். நீ நல்லவன் மாதிரி போய் அவளிடம் அழுவாய், அவளும் நம்பிவிடுவாள். நினைத்தாலே உடம்பு கூசுகிறது. பூசி மெழுகி உன்னை அந்தப் பெண் தலையில் கட்டமாட்டேன். அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டி, எப்போது கொடுப்பது என்று ஒரு சீட்டும் சேர்த்து, மேகலா பேருக்கு அனுப்புகிறேன். நீ அவளிடம் நிஜத்தைச் சொன்ன பிறகு அவள் இதை உன்னிடம் கொடுப்பாள். நீ சொல்லாமலே பத்திரிகை அடிக்கக் கொடுத்தால், எல்லாம் வேண்டாம் என்று சொல்லுகிற அன்றைக்குக் கொடுப்பாள். எப்படியும் அவள் கையிலிருந்துதான் இது உனக்கு வந்திருக்கும். எந்த நாளில் என்பது உனக்குத் தெரியும், எழுதுகிற எனக்குத் தெரியாது. தெரியாமல் எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

சொல்லிவிட்டாய் என்றால், அவளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. அவள் வாந்தி எடுத்தால் முதுகைத் தடவிக் கொடு. இதுதான் உனக்கு நான் சொல்லுகிற கல்யாண புத்திமதி. அவளுக்குப் பிடிக்காததை அவள் மூஞ்சிக்கு நேரே காட்டுவாள், நீயும் காட்டப் பழகிக்கொள். சிரித்துக்கொண்டே கத்தரியை எடுக்காதே. பைகளை ஷகிலாவின் அக்கா வீட்டில், கலவை ஊரில், வயல்வெளிக் காற்றில் வைத்துப் புதிதாகப் பின்னிக் கொடுக்கிறோம். சொல்லவில்லை என்றாலும் வா. எனக்கு உன்மேல் இருக்கிற அருவருப்பு நீ வந்து நின்றால் போய்விடுமா என்று தெரியவில்லை. ஆனாலும் கதவைத் திறப்பேன், சோறு போடுவேன். அதற்குமேல் இப்போதைக்கு எதுவும் வாக்குக் கொடுக்க முடியாது.

எந்த நாளாக இருந்தாலும் ஒன்று மட்டும் செய். கைப்பிடியை வெட்டினதை அப்பாவிடம் சொல்லாதே. நிஜம் நிஜம் என்று இத்தனை பக்கம் எழுதிவிட்டு இதை மறைக்கச் சொல்கிறேனே என்று சிரிக்காதே, இதை மறைக்கத்தான் சொல்கிறேன். பைகள் டெய்லரிடம் இருக்கின்றன என்றுதான் அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நேற்று வேலையிலிருந்து வரும்போது சட்டைக்குள் ஒரு தோல் துண்டை வைத்துக்கொண்டு வந்தார். கூடத்து வெளிச்சத்தில் விரித்து, தடவிப் பார்த்து, வெகுநேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்:

"சம்பந்திக்குன்னு தனியா ஒரு பை வேணுமில்ல? அதுக்குக் கைப்பிடி. தொட்டுப் பாரு, எக்ஸ்போர்ட் குவாலிட்டி."

அம்மா